மூன்றாம் நாள் காற்று

பாதி வழியில் தெரேசா உட்கார்ந்துவிட்டாள்.

தோட்டத்தின் பதினைந்தாம் நம்பர் மலையிலிருந்து நீர்த்தேக்கத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதையில், தேயிலைக்கு நடுவே ஒரு பாறை கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். இன்னும் அரை மைல் இறங்கினால் தண்ணீர். அந்த இடத்திலிருந்து எந்த நாளிலும் தண்ணீர் தெரியாது. அன்றைக்குப் பத்தடிக்கு அப்பால் எதுவுமே தெரியவில்லை. பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்துகொண்டிருந்தது. தலையில் போட்டிருந்த கம்பளியைக் காற்று பிடித்துப் பிடித்து இழுத்தது.

போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னது அவளுடைய அண்ணன் பத்திநாதன். மேலே, லயத்து வரிசையின் கடைசியில், தொங்கல் வீட்டில், மூன்று வாரமாகப் படுத்த படுக்கை. நெஞ்சுச் சளி முற்றி, ஆஸ்பத்திரியிலும் இருந்து பார்த்துவிட்டு வந்தாயிற்று. காலையிலிருந்து அவருடைய மூச்சு மாறியிருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் தெரேசாவும் மூச்சு விடாமல் காத்திருந்தாள்.

"ஒரு எட்டு போயிப் பார்த்துட்டு வந்துரு, தெரேசு" என்று அவர் கேட்டார். "ஞாயித்துக்கெழம எழும்புன காத்து. இன்னைக்கு மூணாம் நாளு. வந்தா இன்னைக்குத்தான் வரும்."

"ஒன்ன இப்புடி விட்டுட்டு எப்புடிண்ணே போறது?"

"நான் எங்க போயிறப் போறேன்."

பக்கத்து வீட்டு மீனம்மாவை அவரருகே உட்காரவைத்துவிட்டு இறங்கினாள். ஒன்பது வருடமாக இந்த விஷயத்துக்கு அவர் யாரையும் துணைக்குக் கூப்பிட்டதில்லை. முதன்முதலாகக் கேட்கிறார். போகத்தான் வேண்டும் என்று நினைத்தாள். பாறை வரைக்கும் வந்த பிறகு கால் ஓடவில்லை. கீழே போய், கரையில் நின்று, எண்ணிப் பார்த்துவிட்டு ஏறி வர ஒன்றரை மணி நேரமாகும். ஒன்றரை மணி நேரத்தில் எத்தனை மூச்சு, எத்தனை இடைவெளி. எழுந்து இரண்டடி கீழே வைத்தாள். பிறகு திரும்பி, வந்த வழியே வேகமாக ஏறினாள்.

அவர் பார்க்கச் சொன்னது ஒரு குருவியை.

பத்திநாதன் தோட்டத்து வாச்சர். இருபது வருடத்துக்கு மேலாகக் கையில் கம்போடு தோட்டத்து எல்லையைச் சுற்றி வந்தவர். அணை கட்டி, பழைய மஸ்கெலியா தண்ணீருக்குள் போன பிறகு, அவருடைய எல்லையில் பாதி தண்ணீர்க் கரையாகிவிட்டது. எழுபத்து மூன்றாம் வருடம், இதே ஆனி மாதக் காற்றில், தேயிலைக்கு நடுவே மழைநீர் ஓடும் கானுக்குள் விழுந்து கிடந்த ஒரு கறுப்புப் பறவையை எடுத்துச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். தெரேசா அதை வௌவால் என்று நினைத்து அடுப்புப் பக்கம் விடவில்லை. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. உடம்பெல்லாம் புகைக்கரி நிறம். வாலுக்கு மேலே மட்டும் சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளை. குச்சிக் கால்கள், விரல்களுக்கு நடுவே தோல். வீடு முழுக்க மீனெண்ணெய் வாடை அடித்தது. காலில் ஒரு சின்ன வளையம், அதில் பொடி எழுத்து. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரி ஐயா பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, அதில் இருந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டார். பறவையைப் பத்திநாதன் கரைக்குக் கொண்டுபோய் விட்டார். தண்ணீர்மேல் அது நடந்து போனது என்று திரும்பி வந்து சொன்னார். தெரேசா நம்பவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது, தமிழில். எழுதியவர் ரிஸ்வி என்ற விஞ்ஞான வாத்தியார். வெளிநாட்டுக்காரர்கள் டிஸ்பென்சரி ஐயாவின் கடிதத்தை அவருக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் குருவிக்கு வளையம் போட்டது பூமியின் தெற்குக் கோடியில், பனிக்கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தீவில் என்று எழுதியிருந்தார். அங்கே குளிர்காலம் தொடங்கியதும் குஞ்சு வளர்த்து முடித்த குருவிகள் கடலோடு கடலாக வடக்கே வந்துவிடும். கடலிலேயே தின்று கடலிலேயே தூங்கும், கரைக்கு வராது. தென்மேற்குக் காற்று மிஞ்சிப்போனால் மட்டும் ஒன்றிரண்டு குருவி நாட்டுக்குள் அடித்து வரப்படும். 'கூடு கட்டும் காலத்தில் இவை எங்கே இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். மிச்ச காலத்தில் எங்கே போகின்றன, என்ன செய்கின்றன என்பதுதான் யாருக்கும் சரியாகத் தெரியாது. உங்களைப் போல ஒருவர் பார்த்து எழுதினால் பெரிய உதவியாக இருக்கும். தண்ணீர்மேல் நடப்பதால் வெள்ளைக்காரர்கள் இதற்குப் பேதுருவின் பெயரை வைத்திருக்கிறார்கள்.'

"பேதுருன்னா நம்ம இராயப்பரு" என்று பத்திநாதன் தெரேசாவிடம் சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அது இராயப்பர் குருவி.

ஒவ்வொரு சித்திரையிலும் ரிஸ்வி சேர் ஒரு கட்டுத் தபால் அட்டை அனுப்புவார். முத்திரை ஒட்டி, பின்பக்கம் ரோனியோ அச்சில் கேள்விகள் அடித்திருக்கும். தேதி, நேரம், காற்று, எத்தனை, என்ன செய்தன. வைகாசி முதல் ஆவணி வரை பலத்த காற்று அடித்த நாளெல்லாம் பத்திநாதன் கரையில் நின்றார். ஒரு வருடம் இரண்டு வந்தன. ஒரு வருடம் ஒன்று. இரண்டு வருடம் ஒன்றுமே வரவில்லை. வரவில்லை என்றும் எழுதிப் போட்டார். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஒரு தடவை கேலியாகச் சொன்னார்: "பத்து வந்திச்சுன்னு எழுதிவிடேன் பத்திநாதா, எவன் வந்து எண்ணப்போறான்." பத்திநாதன் சிரிக்கவில்லை. "அது எப்புடிங்கய்யா. ஒன்ன பத்துன்னு எழுதினா அந்த மனுசன் கடலையே தப்பாப் படிப்பாரு" என்றார்.

தெரேசா புருஷனை இழந்து அண்ணனோடு வந்து சேர்ந்து பதினாலு வருடம். அண்ணனும் மனைவியைப் பறிகொடுத்தவர். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. காற்றில் நனைந்து வந்து இருமும்போதெல்லாம் அவள் அந்தக் குருவியைத் திட்டினாள். ஒருநாள்கூட அவள் போய்ப் பார்த்ததில்லை.

கதவைத் திறந்ததும் மீனம்மா எழுந்து இடம் விட்டாள். "கண்ணத் தொறந்து தொறந்து வாசலயே பார்க்கிறாரு" என்று மெதுவாகச் சொன்னாள்.

தெரேசா கம்பளியைக்கூடக் கழற்றாமல் அண்ணனருகே குந்தினாள். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. பத்திநாதனின் கண்கள் அவளுடைய நனைந்த முந்தானையிலிருந்து முகத்துக்கு வந்தன.

"போனியா?"

"போனேண்ணே."

"என்னா?"

பனி மூடிக் கிடக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லத்தான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். அந்த முகத்துக்கு முன்னால் அது வாயில் வரவில்லை.

"ஏழு" என்றாள்.

"ஏழா?"

"ஆமாண்ணே. ஏழு."

இடைவெளி ஒன்று விழுந்து போனது. "ஒக்காந்திருந்திச்சா, நடந்திச்சா?"

"நடந்திச்சு."

"காலத் தொங்கப் போட்டுக்கிட்டு, றெக்கைய மேல தூக்கிக்கிட்டு?"

"ஆமாண்ணே. அப்புடியேதான்."

பத்திநாதன் கண்களை மூடிக்கொண்டார். மூன்று வாரமாக ஒடுங்கிக் கிடந்த முகம் அது. தாடைக்குக் கீழே ஏதோ ஒன்று தளர்ந்தது போலிருந்தது. உறங்கிவிட்டார் என்று தெரேசா நினைத்தாள். ஆனால் அவர் சுவரோரம் இருந்த டிரங்குப் பெட்டியைக் கையால் காட்டினார்.

"கார்ட எடு. எழுது."

"அப்புறமா எழுதிக்கலாம்."

"இப்ப எழுது. தப்பால்காரன் போயிருவான்."

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். பெட்டி மேல் அட்டையை வைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். தேதி, 1982 ஜூன் 22. நேரம், காலை எட்டரை. காற்று, தென்மேற்கு, பலம், மூன்றாம் நாள். எத்தனை என்ற இடத்தில் பேனை நின்றது. மீனம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். தெரேசா ஏழு என்று இலக்கத்தில் எழுதினாள். 'தண்ணீர்மேல் நடந்தன' என்று அதற்குக் கீழே எழுதினாள்.

"ஒப்பம் நான் வைக்கணும்" என்றார்.

தூக்கிப் பிடித்தார்கள். பேனையை விரல்களுக்கு நடுவில் வைத்து அவளும் சேர்த்துப் பிடித்தாள். அவள் பிடி வேண்டாமென்று தலையசைத்தார். 'பத்தி' வரைக்கும் நேராக வந்தது. மிச்சம் அட்டையின் ஓரத்துக்குச் சரிந்து போயிற்று. மீனம்மாவின் புருஷன் அட்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தப்பால்காரரைப் பிடிக்க ஓடினார்.

கோயில் உபதேசியார் சூசைரட்ணம் வந்து செபம் சொன்னார். பகல் சாப்பாட்டு நேரத்துக்கு அண்ணனுக்கு இரண்டு கரண்டி தேத்தண்ணி உள்ளே போனது. தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இடைவெளி விழுந்தது. தெரேசா மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் அவள் மட்டும்தான் மூச்சு விட்டாள்.

மறுநாள் மழையிலேயே எடுத்தார்கள். தோட்டம் கொடுத்த பலகையில் செய்த பெட்டி. ஏழாம் நம்பர் மலைக்கு மேலே இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போகையில் மண் வழுக்கி இரண்டு தடவை பெட்டியை இறக்கி வைத்தார்கள். பெண்கள் தெரேசாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. தம்பி அந்தோனிமுத்துவுக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்று உபதேசியார் கேட்டார். தம்பி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய் ஆறு வருடமாகிறது. முதல் இரண்டு வருடம் கடிதம் வந்தது. பிறகு இடம் மாறிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. "பழைய வெலாசத்துக்கே ஒரு கடிதாசி போட்டு வைப்போம்" என்றார் உபதேசியார். சரி என்று தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் பூசைக்கு வந்தபோது பாவசங்கீர்த்தனம் செய்தாள்.

"அண்ணன் சாகக் கெடக்கையில பொய் சொல்லிட்டேன், சாமி."

"என்ன பொய்?"

சொன்னாள். சாமியார் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அவர் நிம்மதியாகப் போகத்தானே சொன்னீங்க. கடவுளுக்குத் தெரியும். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லுங்க" என்றார். மூன்றுக்கு முப்பதாகச் சொன்னாள். பாவம் போயிருக்கும். அட்டை கொழும்பில் இருந்தது. அதில் அண்ணனுடைய கையெழுத்து இருந்தது.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்தாள். தேதி எழுதினாள். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அண்ணன் செத்துப்போனார் என்பதை முதலில் எழுதுவதா, ஏழு என்பது பொய் என்பதை முதலில் எழுதுவதா? அட்டையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

செத்த ஒன்பதாம் நாள், புதன்கிழமை காலை, பேர் கூப்பிடும் பெரட்டுக் கலைந்து பெண்கள் மலைக்குப் போன பிறகு, லயத்து வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். தொப்பி, நரைத்த தாடி, முழங்கால் வரை சேறு. மழைக்கோட்டுக்கு மேலே கழுத்தில் தூரக்கண்ணாடி தொங்கியது.

"வாச்சர் பத்திநாதன்ட வீடு இதுதானே?" என்றார். "அவர் இருக்கிறாரா? நான் கொழும்பிலயிருந்து வாறேன். ரிஸ்வி."

தெரேசா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பதில் சொன்னது மீனம்மாதான். "அவரு தவறிட்டாருங்களே. இன்னையோட ஒம்பது நாளு."

ரிஸ்வி சேர் தொப்பியைக் கழற்றவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். தம் மார்க்க வழக்கப்படி ஏதோ முணுமுணுத்தார். பிறகு சுற்றிலும் பார்த்து, உட்கார இடம் தேடுபவர் போல, வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவர ஒரு தரம்கூட நேரில காணல்ல" என்றார். "ஒம்பது வருஷம். வாறேன் வாறேன் என்று எழுதுவேன். ஸ்கூல், பரீட்சை, பிள்ளைகள். இப்ப நோன்புக்கு எங்கட ஸ்கூல் மூடி இருக்கு. அட்டை வந்திச்சு. அடுத்த நாள் நோன்பு தொடங்கினதால உடனே வர ஏலல்ல. நேத்து ராத்திரி ரயில் ஏறிட்டேன்."

தெரேசா தேத்தண்ணி கலக்க எழுந்தாள். நோன்பு என்று அவர் கையசைத்தார். அவள் திரும்பவும் உட்கார்ந்தாள். ஹட்டன் வரைக்கும் ரயில், மஸ்கெலியா வரைக்கும் பஸ், அங்கிருந்து நாலு மைல் ஏற்றம். பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நடந்து வந்திருக்கிறார்.

அவர் தோள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அதற்குள் அந்த அட்டை இருந்தது. "ஏழு. தங்கச்சிக்குத் தெரியுமா, இவ்வளவு உள்ளுக்கு, மலையில, ஒரே நாளில ஏழு குருவிய இந்த நாட்டில யாரும் பார்த்தது கிடையாது. நான் எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பப்போறேன். பத்திநாதன்ட பேரிலதான் போகும். அவர்ட முழுப்பேர், பிறந்த வருஷம், எல்லாம் எனக்கு வேணும்."

நீர்த்தேக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றார். பத்திநாதன் எங்கே நின்று பார்ப்பார், அதே இடத்தில் நின்று பார்க்க வேண்டுமென்றார். குடை எடுக்க உள்ளே போன தெரேசாவின் பின்னாலேயே மீனம்மா வந்தாள். சாமியாரை விட்டால் அவளிடம் மட்டும்தான் தெரேசா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"சொல்லிறாத அக்கா" என்று காதோரம் சொன்னாள் மீனம்மா. "செத்த மனுசனுக்கு ஒரு பேரு கெடைக்குதுன்னா கெடைச்சிட்டுப் போகட்டும். ஆருக்கு என்னா நட்டம்?"

தெரேசா குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்றைக்கும் காற்றுதான். முன்னால் அவள் இறங்கினாள், பின்னால் அவர். பாறையைக் கடக்கும்போது அவள் அதைப் பார்க்காமல் நடந்தாள். அதற்குக் கீழே இருந்த பாதையில் அவளுக்கும் பழக்கமில்லை. கரையில் ஒரு மேட்டில், சவுக்கு மரமொன்றின் கீழே, புல் தேய்ந்து வெறும் மண்ணாகக் கிடந்த ஓர் இடம் இருந்தது. ஒரு ஆள் நிற்கும் அளவுதான். யாரும் சொல்லாமலே இருவருக்கும் தெரிந்தது. ரிஸ்வி சேர் அதில் ஏறி நிற்கவில்லை, பக்கத்தில் நின்றார்.

தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அலைகளின் தலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. அவர் தூரக்கண்ணாடியை எடுத்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மெதுவாகப் பார்த்தார். கண்ணாடி நனைந்தது, துடைத்தார், மறுபடியும் பார்த்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கால் மணி போயிற்று. அரை மணி போயிற்று.

"எந்தப் பக்கமாக இருந்ததாம்? கரைக்குக் கிட்டவா, நடுவிலயா?" என்று கண்ணாடியை இறக்காமலே கேட்டார். "சொன்னாரா?"

"அண்ணன் பார்க்கலீங்க, சேர்."

அவர் கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணனால எழும்பவே முடியல்ல. மூணு வாரமாப் படுக்கை. என்னயத்தான் போயிப் பார்க்கச் சொல்லிச்சு. நான்தான் ஏழுன்னு சொன்னேன். நான்தான் எழுதினேன்." அவளுடைய குரல் காற்றில் சிதறியது. கொஞ்சம் உரத்துச் சொன்னாள். "நான் பார்க்கல்லீங்க. பொய்."

ரிஸ்வி சேர் நீண்ட நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா என்று தெரேசாவுக்கு விளங்கவில்லை.

"எழுத்து அவர்ட எழுத்து இல்ல என்று தெரியும்" என்றார் கடைசியில். "சுகமில்லாமல் சொல்லி எழுதியிருப்பார் என்று நினைச்சேன்." பிறகு கேட்டார்: "அப்போ உண்மையில எத்தன? ஒண்ணுமே இல்லையா? அப்பிடியென்றால் சைபர் என்று போட்டுக்கொள்ளலாம். அதுவும் தேவையானதுதான்."

சரி என்று சொன்னால் முடிந்துவிடும். வந்தவரும் நிம்மதியாகப் போவார்.

"சைபருன்னும் போட ஏலாதுங்க" என்றாள் தெரேசா. "நான் இங்க வரைக்கும் வரவே இல்ல. மேல அந்தப் பாறையோட திரும்பிட்டேன். திரும்பி வாறதுக்குள்ள அண்ணன் போயிருமோன்னு பயந்து. தண்ணிய நான் பார்க்கவே இல்லீங்க. வந்திருந்தாலும் வந்திருக்கும். வரல்லன்னாலும் வரல்ல. எனக்குத் தெரியாது."

அவர் தலையை ஆட்டினார். மெதுவாக, இரண்டு மூன்று தடவை.

"ஏழு என்று சொன்னதும் அவர் என்ன சொன்னார்?"

"நடந்திச்சான்னு கேட்டுச்சு. நடந்திச்சுன்னு சொன்னேன். கண்ண மூடிக்கிச்சு."

"சந்தோஷமாகவா?"

தெரேசா அந்த முகத்தை நினைத்துப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள். ஒன்பது நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. சத்தமில்லாமல், குடைக் கம்பைப் பிடித்தபடியே அழுதாள். ரிஸ்வி சேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவளை அழவிட்டுக் காத்திருந்தார்.

பிறகு நோட்டைத் திறந்து அட்டையை எடுத்து, பேனையோடு அவளிடம் நீட்டினார். "எழுதினது நீங்க. நீங்களே வெட்டிவிடுங்க."

குடையை அவர் வாங்கிக்கொண்டார். தெரேசா நோட்டின் மேல் அட்டையை வைத்து ஏழை வெட்டினாள். 'தண்ணீர்மேல் நடந்தன' என்பதையும் வெட்டினாள். நேரம் எட்டரை என்றிருந்தது. அந்த நேரத்தில் அவள் கரையில் இல்லை. அதையும் வெட்டினாள். கீழே சரிந்து போயிருந்த கையெழுத்துக்கு வந்ததும் பேனை தயங்கியது.

"அது இருக்கட்டும்" என்றார் அவர். "தேதி சரிதானே?"

"சரிங்க."

"காற்று?"

"காத்து உண்மைங்க. தென்மேற்கு. அண்ணன் படுத்துக்கிட்டே கூரத் தகரத்துச் சத்தத்த வச்சுச் சொன்னது. மூணாம் நாளு."

"அப்போ அதுவும் இருக்கட்டும். மற்ற அட்டைகளோட இதையும் வைக்கிறேன்" என்று அட்டையை வாங்கி, ஈரம் படாமல் நோட்டுக்குள் வைத்து, நோட்டைப் பைக்குள் வைத்தார். பத்திநாதனின் முழுப்பெயரையும் பிறந்த வருடத்தையும் அப்போதே கேட்டு எழுதிக்கொண்டார். ஒன்பது வருடத்தில் மொத்தம் பதினொரு குருவி. அவ்வளவும் பத்திநாதன் தன் கண்ணால் பார்த்தது, அதை எழுதினால் போதும் என்றார்.

பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்றாள் தெரேசா. இப்போதே ஏறினால் மஸ்கெலியாவில் பதினொரு மணி பஸ் கிடைக்கும்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்றார் ரிஸ்வி சேர். "கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போவோமே."

தூரக்கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் கண்ணில் வைத்தார். சாரல் பக்கவாட்டில் அடித்துக் கண்ணாடியை நனைத்தது. தெரேசா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரல் அடிக்கும் பக்கமாக வந்து நின்றாள். குடையைத் திரும்ப வாங்கிக் காற்றுக்கு எதிராகச் சாய்த்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவளும் தண்ணீரைப் பார்த்தாள்.